அரைக்கட்டை மேலே

அன்று காலை பிரார்த்தனைக் கூடத்தில் முன்வரிசை இடது ஓரத்தில் அக்கா இருந்தாள். அவளை ஒட்டி, மருத்துவமனைச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அத்தான். நடுவில் மைக்குக்குப் பின்னால் பிரார்த்தனை நடத்தும் பெரியவர். வலது மூலையில் டிரம்ஸ் அடிக்கும் தையல்காரர். அவர் பக்கத்தில் கீபோர்டோடு அக்காவின் தம்பி. ஜன்னல் ஓரமும் படிக்கட்டுமாக மற்றவர்கள் ஒரு எழுபது பேர்.

தம்பி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பதினோரு வருஷமாக வாரம் தவறாமல் இங்கே வாசிக்கிறார். கூட்டம் எங்கே உருகும் என்பது அவருக்கு அத்துப்படி. மூன்றாம் சரணம் வந்ததும் தையல்காரருக்குக் கண் காட்டுவார், தாளம் நிற்கும். ஒரு மூச்சு அமைதி. பிறகு சுருதிப் பொத்தானில் ஒரு தட்டு. பாட்டு அரைக்கட்டை மேலே போய் நிற்கும். கூடமே எழுந்து அழும். அழாத ஒரே ஆள் அவர்தான். தட்டும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு எங்கே அழுகை வரும்?

அன்று இரண்டு முறை தட்டினார். அக்காவுக்கு மார்பில் கட்டி, வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பயந்து கிடக்கிறாளே, கொஞ்சம் தைரியம் வரட்டும் என்றுதான். அக்கா தூக்கிய கைகளோடு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். எழுந்தபோது, "சூடா ஒண்ணு உள்ள இறங்குச்சு. கட்டி கரைஞ்சிடுச்சு. இனிமே கத்தியெல்லாம் வேண்டாம்" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனார்.

"அக்கா, அது நான் அமுக்கின பொத்தான்."

"இருக்கட்டுமே. உன் விரலை அசைச்சது யாருடா?"

"வாராவாரம் அதே இடத்துலதான் அமுக்குறேன்."

"அப்ப வாராவாரம் அவர் வர்றாரு. பந்திக்குச் சமைக்கிறவனுக்குப் பசிக்காத மாதிரி, உனக்குத்தான் தெரியல." எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தான் வாசல்வரை வந்தார். "கட்டி அப்படியேதான் இருக்கு. இந்த வியாழனை விட்டா பரவிடும்ங்கிறார் டாக்டர். எழுதிப் போடுப்பா. உன் கையெழுத்துன்னா ரெண்டு தடவை படிப்பா. தபால்லயே வரட்டும். என் கையால கொடுத்தா, நான் எழுத வெச்சதுன்னு கிழிச்சிடுவா."

செவ்வாய் மதிய இடைவேளையில், மேஜையில் கோப்புகளை ஒதுக்கிவிட்டு எழுதினார். எண் போட்டே எழுதினார். ஒன்று, எந்தப் பாட்டு, எந்தச் சரணம், எந்தப் பொத்தான். இரண்டு, போன வருஷம் இதே இடத்தில் 'பிழைத்துவிட்டாள்' என்று கத்திய குழாய்க்காரரின் மனைவி ஏழாம் நாள் போய்ச் சேர்ந்தது. அன்றும் பொத்தான் தன்னுடையதுதான் என்று தெரிந்தும் வாயைத் திறக்காதது. மூன்று, 'எனக்கு ஒரு தடவைகூட எதுவும் இறங்கியதில்லை, அக்கா.'

பேனா நின்றது. இதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. என்றாவது ஒருநாள் அது தன் பக்கமும் திரும்பும் என்றுதான் இத்தனை வருஷம் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தார். அக்கா இந்தக் கடிதத்தை நம்பாவிட்டால் உயிரோடு இருக்கமாட்டாள். நம்பினால், துணைக்குக் கடவுள்கூட இல்லாமல் அறுவை மேஜையில் படுப்பாள். அந்தத் துணையைப் பிடுங்கியது தம்பி என்றாகும். 'கடவுள் காப்பாற்றுவார்' என்று முடிக்கப் பார்த்தார். எழுதினாலும் பொய், விட்டாலும் கொடுமை.

கடைசியில், 'வியாழன் காலை ஆறு மணிக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன். டாக்டர் சொன்னபடி வெறும் வயிற்றோடு இரு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். தபால் நிலையத்தில், "நாளைக்குக் கிடைச்சிடுமா?" என்று கேட்டார்.

"உள்ளூர்தானே, கிடைச்சிடும்" என்ற பெண், முத்திரை குத்திப் பையில் போட்டாள்.