லோத்தின் மனைவியின் இடது கை

சகாதேவன் தன் டிவிஎஸ் வண்டியைச் சாய்த்து நிறுத்தியதில் லோத்தின் மனைவியின் இடது கை உடைந்து விழுந்தது. மரக்காணம் உப்பளத்தில் கோடைதோறும் அவள் பாத்தியிலிருந்து ஆளுயரத்துக்கு உப்பாய் விளைந்து, கழுத்தைப் பின்னால் திருப்பியபடி நிற்பாள். ஐப்பசி மழையில் கரைந்து போவாள். யாரும் வியந்ததில்லை. அவள் தோளில் துண்டு காயப்போடுவார்கள். சோதோம் எரிந்தபோது, திரும்பிப் பார்க்காதே என்ற தேவதூதன் சொல்லை மீறி உப்பானவள் இவள்தான் என்று அடையாளம் சொன்னவர் போதகர். பெயர் கேட்டதற்கு, வேதத்தில் இல்லை என்றார்.

யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் சகாதேவன் அந்தக் கையைத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். உப்பளத்துக் கூலிக்காரன் கடையில் உப்பு வாங்கினால் ஊரே சிரிக்குமே. அவன் மனைவி அமராவதி ஒரு விரலை இடித்து நெத்திலிக் குழம்பில் போட்டாள். உப்பு பார்க்க ஒரு சொட்டு நாக்கில் விட்டதும் அவள் தலை முதுகுப் பக்கம் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. குழம்பைக் கொட்டிவிட்டார்கள்.

அந்நேரம் சகாதேவன் குத்தகைதாரர் கலியமூர்த்தி வீட்டில் பிரியாணி தின்றுகொண்டிருந்தான். முதல் பெண்டாட்டியை அடித்தே துரத்திய தன் மச்சானுக்கு அவர் சகாதேவனின் மகள் வினோதினியைக் கேட்டார்; மேஸ்திரி வேலை தருவதாகவும் சொன்னார். சகாதேவன் எலும்பைக் கடித்துக்கொண்டே தலையாட்டிவிட்டான். பிரியாணி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதுச்சேரி டாக்டர் தைலம் கொடுத்தார். அமராவதி அப்படியே சமைத்தாள், அப்படியே வேலைக்குப் போனாள். ஏறுகிறாளா இறங்குகிறாளா என்று பஸ் கண்டக்டர் மட்டும் குழம்பினார். "எதத்தான்டி பாக்கற?" என்று சகாதேவன் தினமும் கேட்டான். அவள் அரிசி களைவாள்.

வைகாசியில் நிச்சயம். உப்பள வரப்பின் மேல் சகாதேவன் முன்னால் நடக்க, மூவரும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் அமராவதி நின்றாள்.

"நடடி. கலியமூர்த்தி அண்ணன் காத்துக்கினு இருப்பாரு."

"வெறிபுடிச்ச கூட்டம் கதவ இடிச்சப்ப, விருந்தாளிய வுட்டுடுங்க, எம் பொண்ணுங்கள எடுத்துக்கங்கன்னானே லோத்து, அவன் பேரு வேதத்துல இருக்குது. திரும்பிப் பாத்தவளுக்குப் பேரு இல்ல. அவ ஒண்ணும் ஊரப் பாக்கலய்யா. முன்னாடி போற அப்பன் திரும்ப மாட்டான்னு தெரிஞ்சு, பொண்ணுங்க வருதான்னு பாத்தா."

"சரி, நீ எதப் பாக்கற?"

"உம் பொண்ண. அவ எப்பவோ நின்னுட்டா. நீதான் போய்க்கினே இருக்கற."

சகாதேவன் திரும்பினான். கழுத்து நறுக்கென்று சத்தம் போட்டு அங்கேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவன் வண்டிக்குப் பக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. தூரத்தில் பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, லோத்தின் மனைவியின் அருகில் வினோதினி நின்றிருந்தாள். மகளின் தோளில் ஓர் இடது கை இருந்தது. புதிதாக விளைந்தது, நல்ல வெள்ளை.

"வர்றியாம்மா, இல்லியா?" என்று சகாதேவன் கத்தினான். இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"வரலப்பா."