பாதி இழுத்த லீவர்

கறிக்கடைக்காரர் உடைந்த முன்பல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். நெற்றி பிளந்து, ரத்தம் புருவத்தைத் தாண்டிச் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால், செங்கல் சூளைக்கு மண் எடுத்துவிட்டு யாரோ அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளத்தின் சரிவில், அவருடைய ஜீப் மூக்கைக் கீழே வைத்துக் கிடந்தது. சரிவுக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. இரண்டு மாதத்தில் இந்த மனிதரை நாங்கள் இழுத்து வெளியே போட வருவது இது மூன்றாவது தடவை. முதலில் ஆற்று மணல், அடுத்து பாறை இடுக்கு, இப்போது இது.

“உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணே?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“டப்பாவ எடுத்துட்டேம்மா,” என்றார். பல் போன இடத்தில் காற்று புஸ்ஸென்று வந்தது. “முதல் ஆள் நான்தான்.”

ஜீப் விழுந்ததும் அவர் எங்களைக் கூப்பிடவில்லை. ரத்தம் வழிய வழியப் பள்ளத்தின் விளிம்பெல்லாம் தேடி, டப்பாவைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். நோட்டில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை ரத்தத்தில் பதிந்திருந்தது.

ஜியோகேஷிங் என்று இதற்குப் பெயர். யாரோ ஒருவர் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் காட்டிலோ மேட்டிலோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் வழிக்குறிப்பையும் கைப்பேசிச் செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேடிப்போய், உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. புது டப்பா என்றால் முதல் பெயர் யாருடையது என்பதில்தான் மானமே இருக்கிறது. அந்த மானத்துக்காக வளர்ந்த ஆண்கள் ஆக்சிலை முறிப்பார்கள், ரேடியேட்டரைப் பாறையில் குத்துவார்கள், டீசல் டேங்கைக் கிழித்துக்கொண்டு நடுக்காட்டில் விழித்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு எங்களுக்குப் போன் வரும்.

எங்களுடையது மீட்பு வண்டி. ஆட்கள் மூன்றே பேர். வண்டி ஓட்டுவதும் போன் எடுப்பதும் என் புருஷன். பின்னால் இருக்கும் வின்ச், அதாவது கம்பியை டிரம்மில் சுற்றி வண்டியை இழுக்கிற யந்திரம், என் பொறுப்பு. சேற்றில் இறங்கிக் கொக்கி மாட்டுவது என் தம்பி. இந்த டப்பாப் பைத்தியம் என் புருஷனுக்கும் உண்டு. லீவு நாள் வந்தால் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கேயாவது குடித்துவிட்டு விழுந்து கிடக்காமல் டப்பா தேடிக்கொண்டு திரிகிறாரே, ஒழியட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

வின்ச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லீவரை விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய பிரேக் தேய்ந்துபோய் ஒரு வருடமாகிறது. லீவரை முழுக்க இழுத்தால் வண்டி மேலே வரும். பாதி இழுத்து அப்படியே பிடித்திருந்தால் நின்ற இடத்தில் நிற்கும். கையை எடுத்தால் டிரம் உருண்டு, கம்பி தளர்ந்து, வண்டி வந்த வழியே கீழே ஓடும். பிரேக்கை மாற்றித் தொலையுங்கள் என்று என் புருஷனிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். “உன் கை இருக்கும்போது பிரேக் எதுக்கு?” என்பார். நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இளித்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தம்பி சரிவில் இறங்கி ஜீப்பின் பின்பக்கம் கொக்கியை மாட்டினான். நான் இழுத்தேன். ஒரு முழம் வந்தது, நின்றுவிட்டது. இன்னும் இழுத்தேன். கம்பி விண்ணென்று முறுக்கிக்கொண்டதே தவிர ஜீப் அசையவில்லை.

“அக்கா, நிறுத்து! முன் ஆக்சில் ஒரு வேர்ல மாட்டிக்கிச்சு. இழுத்தா கம்பி தெறிக்கும்,” என்று தம்பி கத்தினான். “நான் கீழ போய் அறுத்து விடுறேன். பிடிச்சுக்கோ.”

“பார்த்துடா.”

“நீ பிடிச்சா போதும்.”

லீவரைப் பாதியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். தம்பி ரம்பத்தோடு ஜீப்பைச் சுற்றி அதன் மூக்குக்கு முன்னால் போனான். மேலே ஒன்றரை டன் இரும்பு, கீழே தண்ணீர், நடுவில் தொடை வரை களிமண்ணில் புதைந்து அவன். இப்படி நிற்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அப்படித்தான் வேலை செய்து பழகியிருந்தோம். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

கறிக்கடைக்காரருக்கு ரத்தம் நிற்கவில்லை. பார்க்கச் சகிக்காமல், “சீட்டுக்கு அடியில பழைய துணி கிடக்கும், எடுத்துக் கட்டுங்கண்ணே,” என்று நான்தான் சொன்னேன். அவர் எங்கள் வண்டிக்குள் ஏறினார். என் புருஷன் அப்போது வண்டிக்கு இந்தப் பக்கம் நின்று கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கறிக்கடைக்காரர் இறங்கி வந்தபோது அவர் கையில் துணி இல்லை, என் புருஷன் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பை இருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான்கு டப்பாக்கள் தரையில் விழுந்தன. நான்கும் அவர் கண்டுபிடித்த டப்பாவைப் போலவே பச்சை வண்ணம் பூசியவை. ஒன்றின் மூடியைத் திறந்து நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

“வண்டி கடைசி வரை தாராளமாகப் போகும். பயப்பட வேண்டாம்.” அடுத்த டப்பாவைத் திறந்தார். அதிலும் அதேதான் எழுதியிருந்தது. பிறகு பள்ளத்து விளிம்பில் எடுத்த டப்பாவின் நோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “செயலியிலயும் இதே வரிய நம்பித்தான் வந்தேன். இது யாரு எழுத்தும்மா?”

பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிற எழுத்து. ஆறு மாதமாக எங்களுக்கு வேலை கொட்டியது ஏன் என்று அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் விடியும் முன்பே வண்டியில் டீசல் நிரப்பி வைத்தது, போன் வைத்த பத்தாவது நிமிடம் வழி கேட்காமலே போய் நின்றது, எல்லாம் விளங்கியது. டப்பா தேடிப் போகிறார் என்று நினைத்திருந்தேன். இவர் டப்பா ஒளிக்கச் சேறு தேடிப் போயிருக்கிறார்.

“அண்ணே, அது சும்மா விளையாட்டுக்கு…” என்று என் புருஷன் ஆரம்பித்தார்.

“என் பொண்டாட்டி கை ஒடிஞ்சுதே, அதுவும் விளையாட்டுக்கா?”

போன தடவை அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். பாறை இடுக்கில் கதவு நசுங்கி, அந்த அம்மாவின் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நான்தான் அவரைத் தூக்கி வெளியே எடுத்தேன். என் புருஷன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் புகட்டினார். எவ்வளவு நல்ல மனசு என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

வீல் ஸ்பேனர் எங்கள் வண்டியின் படியில் கிடந்தது. கறிக்கடைக்காரர் அதை எடுத்தார். முதல் அடி என் புருஷனின் முழங்காலில் பக்கவாட்டில் விழுந்தது. முப்பது வருடமாக எலும்பு வெட்டுகிறவர், எங்கே அடித்தால் எது பிரியும் என்று அவருக்குத் தெரியும். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. என் புருஷன் அலறிக்கொண்டு விழுந்தார்.

“அண்ணே, விடுங்க! தம்பி கீழ இருக்கான்!” என்று கத்தினேன்.

“உன் தம்பிய நீ பார்த்துக்க. நான் இவனப் பார்த்துக்கிறேன்.”

இரண்டாவது அடி தோளில். என் புருஷன் ஒரு கையால் மண்ணைப் பற்றி என் பக்கம் ஊர்ந்து வந்தார். நான் நின்ற இடத்துக்கும் அவருக்கும் நாலு எட்டுதான் இருக்கும். என் காலுக்குப் பக்கத்தில் கடப்பாரை சாய்ந்திருந்தது. லீவரை விட்டுவிட்டு அதை எடுத்து ஓங்கினால் கறிக்கடைக்காரர் ஒதுங்கியிருப்பார். விட்டால் ஜீப் இறங்கும்.

“டேய்! வெளிய வாடா! சீக்கிரம் வா!” என்று பள்ளத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூவினேன்.

“கால் வரமாட்டேங்குது அக்கா! வேருக்கு அடியில சிக்கிடுச்சு!” என்று அவன் குரல் மட்டும் வந்தது. “மேல என்ன சத்தம்? விட்றாத, விட்றாத!”

“விடமாட்டேன். நீ வா!”

என் புருஷன் கவிழ்ந்து படுத்துத் தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டார். ஸ்பேனர் கைகளின் மேல் இறங்கியது. விரல்கள் கோணிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கறிக்கடைக்காரர் வெறிபிடித்து அடிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிறுத்தி, இடம் பார்த்து, கால் மாற்றி நின்று அடித்தார். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கும்போதெல்லாம் தோளில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணக்குச் சொன்னார். “இது ஆத்து மணலுக்கு. இது பாறைக்கு. இது என் பல்லுக்கு.”

“ஏய்… என்னைக் காப்பாத்துடி,” என்று என் புருஷன் என்னைப் பார்த்தார். வாயெல்லாம் மண்ணும் ரத்தமும். “லீவரை விடு… வா…”

தம்பி கீழே இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். வலியில் சொல்லியிருப்பார் என்று இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. அந்த அம்மாவின் கையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த எலும்புதான் ஞாபகம் வந்தது. இந்த ஆறு மாதத்தில் என் தம்பி இறங்கிய ஒவ்வொரு சேறும் இவர் தேடிப் பிடித்துக் கொடுத்த சேறு என்பது ஞாபகம் வந்தது. என் கை மரத்துப்போயிருந்தது. லீவரைப் பிடித்தபடி நின்றேன்.

கீழே ரம்பம் கரகரவென்று அறுக்கிற சத்தம் கேட்டது. வேர் முறிந்தது. ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே போகப் பார்த்தது. நான் இரண்டு கையாலும் லீவரை இழுத்து அதை நிறுத்தினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு தம்பி பக்கவாட்டில் தலையை நீட்டினான். ஒரு செருப்பு போயிருந்தது, காலில் தோல் உரிந்து சதை தெரிந்தது. நான்கு காலில் ஊர்ந்து சரிவின் ஓரம் ஏறினான்.

“வந்துட்டேன் அக்கா! விடு!”

ஸ்பேனர் மேலே போனது. என் புருஷனின் இன்னொரு முழங்காலில் இறங்கியது.

“அக்கா! நான் வெளிய வந்துட்டேன்! லீவரை விடு!”

ஸ்பேனர் இன்னொரு தடவை மேலே போனது. இந்த முறை முழங்கையில் இறங்கியது. கறிக்கடைக்காரரின் மனைவிக்கு ஒடிந்த அதே கை.

அதற்குப் பிறகுதான் நான் கையை எடுத்தேன். டிரம் அலறிக்கொண்டு சுழன்றது. ஜீப் சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்து மூழ்கியது. நான் கறிக்கடைக்காரரின் முன்னால் போய் நின்று, “போதும்ணே,” என்றேன். அவர் உடனே ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். நான் எப்போது சொல்வேன் என்று காத்திருந்தவர் மாதிரி தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

கறிக்கடைக்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. என் புருஷன் இப்போது ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரமாகப் படுத்திருக்கிறார். இரண்டு காலிலும் இரண்டு கையிலும் கட்டு. இனி முழங்கால் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றித்தான் பேச்சு. “என்னை அந்த ஆள் அடிச்சுக் கொல்றான், இவ அசையல. லீவரை விட்டிருந்தா மச்சான் போயிருப்பான். தம்பிக்காகப் புருஷனையே விட்டுக்கொடுத்தாளே, யாருக்கு வரும் அந்த மனசு?” என்று கண் கலங்குவார். வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். போலீஸ்காரர்கூட என் வாக்குமூலத்தை அப்படித்தான் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

நேற்று தம்பி காலில் கட்டோடு வந்திருந்தான். மாமாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வெளிய வந்ததும் கத்தினேன்,” என்றான். “எஞ்சின் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதற்காகத்தான் அப்படிச் சொன்னான்.

“கேட்டுச்சுடா,” என்றேன். “ரெண்டு தடவையும் கேட்டுச்சு.”