வெர்லின் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது

மார்லிஸ் ஓயன் அன்று விடிந்ததும் இரண்டு தட்டு எலுமிச்சைக் கேக் சுட்டு, மேலே சர்க்கரைத் தூள் தூவி, முன்னாள் படைவீரர் மன்றத்துக்கு எடுத்துப் போனாள். செனட்டருக்கு நன்றி சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போவதாவது? வியாழக்கிழமைதான் செனட்டர் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: அவளுடைய சட்டம் மாநில செனட்டில் நிறைவேறிவிட்டது, முப்பத்தைந்து பேரும் ஆதரவு, எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.

அவளுடைய சட்டம் என்றால், அவள் கணவன் பெயரில் வந்த சட்டம். வெர்லின் ஓயன் இரண்டு வருஷத்துக்கு முந்திய அக்டோபரில், ஊர்க் கூட்டுறவுக் கிடங்கின் நான்காம் குதிருக்குள் மக்காச்சோளத்தில் புதைந்து செத்தான். எஃகுக் குதிர், ஆறு ஆள் உயரம். ஈரம் பட்டால் உள்ளே சோளம் பாறையாக இறுகும். ஆள் இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். அடியிலே சோளத்தை வெளியே இழுத்துத் தள்ளும் இரும்புத் திருகு ஒன்று உண்டு, அந்த நேரத்தில் அதை நிறுத்திவைத்தால் ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் நிறுத்தினால் வெளியே லாரிகள் காத்து நிற்கும். அதனால் நிறுத்துவதில்லை. ஓடுகிற திருகுக்குச் சோளம் எது, மனுஷன் எது என்று தெரியாது. அரை நிமிஷத்தில் இழுத்துக்கொண்டுவிடும்.

மார்லிஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆள் உள்ளே இருக்கும்வரை திருகை நிறுத்திப் பூட்ட வேண்டும், சாவி உள்ளே இறங்குகிறவனின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இப்போது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவன் அவள் மகன் டேரின். தகோட்டாவின் அந்தக் கோடியில் இருபத்துநாலு வயதுப் பையனுக்கு வேறு வேலை ஏது?

செனட்டர் ராண்டல் ஹாஃப்மெயர் வருஷத்தில் பத்து மாதம் பயிர்க் காப்பீடு விற்பார். செனட் அவை கூடுகிற நாற்பது நாள் மட்டும் அரசியல் மேதை. ஜனவரியில் மார்லிஸைத் தலைநகருக்கு வரவழைத்து, பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்து, பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். முப்பத்தைந்து செனட்டர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மாநிலத்தின் வடிவத்தில் ஒரு சட்டை ஊசி கொடுத்தார்கள். படிக்கட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சட்டத்தை ஆராயும் குழுவின் முன் அவள் வெர்லினைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரே ஒருவர்தான் கேள்வி கேட்டார். வருகிற வழியில் பனி எப்படி இருந்தது என்று.

இன்று அவைக்காலத்தின் நடுச் சனிக்கிழமை. செனட்டர் ஊருக்கு வந்து, இதுவரை கிழித்ததைச் சொல்லும் நாள். காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கூட்டுறவுக் கிடங்கின் உபயம் என்று மேஜையில் அட்டை வைத்திருந்தார்கள். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதி, வர்த்தக சபை லாவோன் பிரெக்கியிடம் கொடுக்க வேண்டும். அவள் பார்த்துப் படிப்பாள். பல வருஷத்துக்கு முன் யாரோ ஒரு விவசாயி செனட்டரை நேராக ஒரு கேள்வி கேட்டுவிட்டான், அதிலிருந்து இந்த ஏற்பாடு.

ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள். தலைப்பு, "நடுவழியில் நின்று உங்களோடு". மாநிலத்தின் அதிகாரபூர்வப் பலகாரத்தைத் தேர்ந்தெடுத்த வரலாறு ஒரு பத்தி. செனட்டரைப் பார்க்க வந்து அவரைப் பெருமைப்படுத்தியவர்களின் பட்டியல்: நாலாம் வகுப்புப் பிள்ளைகள், பல் மருத்துவர் சங்கம், வான்கோழி வளர்ப்போர், மார்லிஸ் ஓயன். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் படிக்கட்டுப் படம், "வெர்லின் சட்டம் வெற்றி".

மார்லிஸ் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில், கடுகு கடுகான எழுத்தில், சட்டத்தின் சாரம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் வாரம் தானியப் பாதுகாப்பு நினைவு வாரமாகக் கொள்ளப்படும். கிடங்குகள், விரும்பினால், கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாம்.

இன்னொரு முறை வாசித்தாள். பூட்டு இல்லை, சாவி இல்லை, திருகு என்ற சொல்லே இல்லை. தோலிருக்கச் சுளை விழுங்கி, தோலுக்கு வெர்லின் என்று பெயரை விட்டுவைத்திருந்தார்கள்.

சீட்டு ஒன்றை எடுத்து எழுதினாள்: "டேரின் குதிருக்குள் இருக்கும்போது திருகை நிறுத்த வேண்டும் என்ற வரியை எடுத்தது யார்?" எழுதியதைக் கொண்டுபோய் லாவோனிடம் கொடுத்தாள். இருவரும் ஒரே தேவாலயத்தில் இருபது வருஷம் சேர்ந்து பாடியவர்கள். லாவோன் சீட்டைப் படித்தாள், முன்வரிசையில் இருந்த கிடங்கு மேலாளர் ஆர்லன் ஃபெல்டைப் பார்த்தாள், ஒலிபெருக்கியை வாயருகே இழுத்தாள்.

"நம்ம மார்லிஸ் கேக்கறா. இந்தச் சட்டத்த நிறைவேத்த நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கன்னு."

செனட்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பாடு தன்னுடையதல்ல, அங்கே உட்கார்ந்திருக்கிற அந்தத் தைரியசாலியுடையது என்றார். எழுந்திருக்கச் சொன்னார். அவள் எழுந்தாள். மண்டபமே எழுந்து கை தட்டியது. எல்லாரிலும் பலமாகத் தட்டியவர் ஆர்லன்.

தட்டி முடித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். மார்லிஸ் உட்காரவில்லை.

"நான் அதக் கேக்கல ராண்டல். பூட்ட யாரு எடுத்ததுன்னு கேட்டேன்."

"யாரும் எடுக்கல மார்லிஸ். எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி கொஞ்சம் மெருகேத்தினாங்க, அவ்வளவுதான். பூட்டோட போயிருந்தா பன்னெண்டு ஓட்டு விழுந்திருக்குமா? இப்பப் பாருங்க, முப்பத்தஞ்சு."

"கொடிக்கா முப்பத்தஞ்சு?"

"சட்டம்ங்கிறது வீடு கட்டற மாதிரி. முதல்ல வாசக்கால நட்டிருக்கோம்."

"எனக்கு வீடு வேண்டாம். பூட்டு போடலேன்னா என் புருஷன் பேர எடுத்துடுங்க."

செனட்டரின் முகத்தில் முதல்முறையாக உண்மையான கவலை தெரிந்தது. பெயரை எடுக்க வேண்டுமானால் அதற்குத் திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று விளக்கினார். திருத்தம் கொண்டுவரக் கடைசி நாள் நேற்றே முடிந்துவிட்டதாம். தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து டேரின் அவள் மேலங்கியைப் பிடித்து இழுத்தான். "உக்காரும்மா. ஆர்லன் பாக்கறாரு."

லாவோன் அதற்குள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள். நெடுஞ்சாலையில் வண்டி மோதிச் செத்த மான், மோதியவனுக்குச் சொந்தமா, அரசாங்கத்துக்குச் சொந்தமா? அதற்கு மண்டபம் களைகட்டியது.

மான் விவகாரம் முடிவதற்குள் ஆர்லனின் தொலைபேசி ஒலித்தது. கேட்டுக்கொண்டார். திரும்பி, டேரினைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாம் குதிர் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். டேரின் பாதி தின்ற ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தான். இரண்டு பேரும் போனார்கள். மார்லிஸ் கேக் தட்டைக்கூட எடுக்காமல் தன் காரில் பின்னாலேயே போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது டேரின் குதிரின் ஏணியில் ஏறி உள்ளே இறங்கிவிட்டிருந்தான். திருகு ஓடிக்கொண்டிருந்தது, தரை அதிர்ந்தது. வெளியே எட்டு லாரிகள். சுவரில் திருகை நிறுத்தும் சிவப்புக் கைப்பிடி. அதற்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு உள்ளே ஆர்லன்.

"மார்லிஸ், அந்தப் பக்கமே நில்லு," என்றார், கனிவாகத்தான். "தலைக்கவசம் இல்லாம யாரும் இந்தக் கோட்டத் தாண்டக்கூடாது. பாதுகாப்பு விதி."

"இதுக்கு விதி இருக்கா?"

"இதுக்கு இருக்கு."

அவள் கோட்டைத் தாண்டினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். திருகு முனகி நின்றது.

அந்த அமைதியில் முதல் லாரி ஒலியெழுப்பியது. பிறகு மூன்றாவது. ஆர்லன் நெருங்கி வந்தார். எட்டு லாரி நிற்பதையும், நிமிஷத்துக்கு நிமிஷம் நட்டமாவதையும், அவளுக்காகத் தானும் வருந்துவதையும் சொன்னார். அவள் "நிக்கட்டும்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து விலக்கலாம்தான். ஆனால் ஓட்டுநர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அரைமணிக்கு முன்னால் அவளுக்கு எழுந்து நின்று கை தட்டியவர்கள் அவர்களில் இரண்டு பேர். அவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் நின்றதைக் கேட்டு டேரின் மேலே ஏறி வந்தான். இமையெல்லாம் சோளத் தூசி. ஏணியில் நின்றபடி கீழே பார்த்தான்.

"திங்கக்கிழமை எனக்கு இங்க வேலை இருக்காது. தெரியுமா உனக்கு?"

"தெரியும். கீழ இறங்கு."

"இன்னும் பாதிப் பாறை கெடக்கு."

"இறங்குடா."

அவன் இறங்கினான். அவளைத் தாண்டிப் போனபோது முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை உறுமவிட்டுக்கொண்டு போய்விட்டான். அப்போதுதான் மார்லிஸ் கையை எடுத்தாள். ஆர்லன் உடனே கைப்பிடியை மேலே தள்ளினார். திருகு ஓடத் தொடங்கியது. எடை மேடையில் நின்ற லாவோனின் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு இரண்டாம் குதிருக்குள் இறங்கச் சொன்னார்.

பையன் ஏணியில் கால் வைத்தான். மார்லிஸ் மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தாள்.