கராஜுக்குப் போன சூடு

மிளகாய் வறுத்தது என் மனைவி சீதேவி. அந்தப் புகையை வீட்டிலுள்ள அத்தனை அறைகளுக்கும் குறைவில்லாமல் பங்குபோட்டுக் கொடுத்தவன் நான்.

நகரத்தின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் எங்களுடையது தனி வீடு. நிலவறையில் இரண்டாவது குசினி இருக்கிறது. மீன் பொரிப்பது, தூளுக்கு வறுப்பது எல்லாம் கீழே. மேல் குசினியில் தேநீர் வைப்போம், விருந்தாளிகளுக்குக் காட்டுவோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் அடுக்குவீடுகளில் இருக்கிற சீதேவியின் ஆட்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே செத்தல் மிளகாய் வறுத்தால் புகை அலாரம் அடிக்கும், மேல்வீட்டுக்காரர் நிலத்தை உதைப்பார், கொஞ்சம் பிந்தினால் தீயணைப்புக்காரர் கோடரியோடு வருவார்கள். அதனால் வருசத்துக்கு ஒருமுறை அவர்கள் எல்லாரும் மிளகாயையும் மல்லியையும் பைகளில் கட்டிக்கொண்டு, மெட்ரோவும் பஸ்சுமாக மாறி மாறி, எங்கள் வீட்டுக்கு வந்து தூள் வறுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் நாலு பேருடைய சிரிப்புச் சத்தம் சேர்ந்து கேட்பது அன்றைக்குத்தான்.

அன்றைக்குக் காலையில்தான் நான் வீட்டைத் திருத்த வெளிக்கிட்டேன்.

காரணம் சீதேவி. எங்கள் படுக்கையறைக்குச் சூடு வருவதில்லை என்று அவள் சொல்லாத நாளில்லை. நிலவறையில் இருக்கிற மெஷின் வீட்டுக் காற்றை உறிஞ்சி, சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக அறை அறையாக ஊதவேண்டும். குழாயின் மூட்டுகளில் ஓட்டை இருந்தால் சூடு நடுவழியில் இறங்கிவிடும், ரேப், அதுதான் ஒட்டுநாடா, ஒட்டி அடைக்கவேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வீடியோவில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே செய்தார். நானும் கீழ்க் குசினி அடுப்புக்குப் பக்கத்தில், காற்றை உறிஞ்சுகிற பெரிய குழாயின் தகரத்தைக் கழற்றி உள்ளே ஒட்டத் தொடங்கினேன். பாதியில் ரேப் முடிந்துவிட்டது. கடைக்குப் போனேன். போனவன் கழற்றிய தகரத்தைத் திரும்பப் பூட்டவில்லை. அதைவிடச் சிறப்பு, கழற்றியிருக்கிறேன் என்று சீதேவியிடம் சொல்லவுமில்லை.

அவள் வழமைபோல நிலவறைக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலிருக்கிற காற்றாடியைப் போட்டு, மிளகாயைச் சட்டியில் கொட்டினாள். ஆனால் அடுப்புக் காற்றாடியைவிட மெஷின் காற்றாடிக்குப் பலம் கூட. முழுப் புகையையும் என் ஓட்டை வழியாக இழுத்தெடுத்து, மேலே கேக்கும் தேநீருமாக இருந்த பெண்களின் காலடியில், தரையில் சூடு வருகிற சல்லடைகளால் மெஷின் ஊதியது.

நான் புது ரேப்போடு திரும்பி வரும்போது அவர்கள் பனியில் நின்றார்கள். சிலர் காலுறையோடு, ஒருவர் கையில் தேநீர்க் கோப்பையோடு. எல்லாருக்கும் கண்ணீர். பனி தள்ளிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து "சவா, சவா?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டார். பதில் வருவதற்குள் அவருக்கும் இருமல் வந்துவிட்டது.

பின்னேரம் சீதேவி பாதி வறுத்த மிளகாயையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு அவர்களோடேயே பஸ் ஏறினாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவளுடைய தமக்கை சிவநேசம் அக்காவின் வீட்டுக்கு.

"முதல்ல வீட்டைத் திருத்துங்கோ. பேந்து வாறன்" என்றாள்.

வாசலில் நின்று தலையாட்டினேன். ஒரு கிழமையில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

ரெலிபோன் எடுத்தால், "அறைக்குச் சூடு வருதோ?" என்பாள்.

"வரும்."

"வரட்டும்."

இதற்குமேல் எங்களுக்குள் கதை நடக்கவில்லை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. சமைத்துச் சாப்பிடத் தெரியாத கோபம் என்று நீங்கள் நினைத்தால் அதில் பாதி உண்மை. மிச்சப் பாதி வேறு. பாவம் செய்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிசனைத் திட்டாமல், அழாமல், "வரட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்திருப்பது என்ன நியாயம்? திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். இரண்டு பேரும் ஆறியிருப்போம்.

சிவநேசம் அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, அவ அண்டைக்கு நடந்ததுக்கு இன்னும் கோவமோ?"

"கோவமோ? பஸ்ஸுக்குள்ள எங்கட சிரிப்பைப் பாத்து ட்ரைவர் திரும்பித் திரும்பிப் பாத்தவன். உம்மட பொண்டாட்டிக்குத்தான் கூடச் சிரிப்பு. அப்பிடி ஒரு நாள் வந்ததே பெரிய காரியம் எண்டு சொன்னவள்."

"அப்ப ஏன் வாறா இல்லை?"

அக்கா, "அறை குளிராமே" என்றுவிட்டு, அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று வைத்துவிட்டார்.

எனக்கு இன்னும் ஏறியது. சிரித்தவளாம். அப்போ காரணம் புகை இல்லை. குளிர்தான். சரி, குளிரை ஒரு கை பார்க்கிறேன் என்று ஹென்றிக்கு ரெலிபோன் அடித்தேன்.

ஹென்றி மட்டக்களப்பான். வெப்பமூட்டும் கம்பனி ஒன்றில் வேலை. "மறுகா வாறன் அண்ணே" என்பான், பிறகு வருகிறேன் என்று. அவனுடைய மறுகாவும் சீதேவியின் பேந்துவும் ஒரே நீளம். அவனுக்காகக் காத்திருந்த நாட்களில் ஒருநாள், குழாய் சுத்தம் செய்யச் சலுகை விலை என்று யாரோ போனில் கூப்பிட்டான். வழமையாக வைத்துவிடுவேன். அன்றைக்கு வைக்கவில்லை. குழாயைப் பற்றி, ரேப்பைப் பற்றி, வீடியோ மனிதரின் சிரிப்பைப் பற்றி எல்லாம் அவன்மேல் கொட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் மெதுவாக, "அப்போ, மனைவி திரும்பி வந்துவிட்டாரா, சேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அதன்பிறகுதான் வைத்தேன்.

ஒருவழியாக ஹென்றி வந்தான். வந்ததும் சாமியறையில் ஊதுபத்தி இருக்கிறதா என்று கேட்டான். பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் கொளுத்தி, குழாய் மூட்டுகளுக்குப் பக்கத்தில் பிடித்தான். ஓட்டையுள்ள இடத்தில் புகை வளைந்து ஓடியது. ஓடாத மூட்டு ஒன்றுமில்லை. நான் ஒட்டிய ரேப்புகள் எல்லாம் அவன் விரல் பட்டதும் நன்றி சொல்லிக்கொண்டு விழுந்தன.

"இது பேர்தான் டக்ட் டேப். டக்டில ஒட்டினா நிக்காது. சூட்டுக்கு உரிஞ்சிரும்" என்றான்.

"பிறகேன் அந்தப் பேர் வைச்சவங்கள்?"

"அதை வைச்சவனிட்டக் கேளுங்க. ஆனா உங்கட வீட்டில எதை ஒட்டினாலும் நிக்காது." தகரத்தை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தான். "எண்ணெய். சூரை மீன், அண்ணே. எந்த வருசத்துப் பொரியல் இது?"

சிரிக்கவேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சவர்க்காரத் தண்ணீரும் துணியுமாக நிலவறை முழுக்க ஏணி போட்டு, மண்ணெண்ணெய்க் கடைக்காரன்மாதிரி நின்று துடைத்தேன். துடைக்கத் துடைக்க மஞ்சளாக இறங்கியது. இவ்வளவு பொரித்திருக்கிறாள், இவ்வளவு தின்றிருக்கிறேன். அதன்மேல் ஹென்றி வாளியில் கொண்டுவந்த சாம்பல் நிறப் பசையைத் தூரிகையால் அப்பினோம். காய்ந்தால் ரப்பர்போல இறுகிவிடுமாம். என் தலைமயிரில் அது உடனே இறுகியது. கொஞ்சமாக மிஞ்சியிருக்கிற மயிர் என்பதால் துக்கம் கூட.

அப்படியும் படுக்கையறைக்குச் சூடு வரவில்லை. ஹென்றி குழாயைத் தடவிக்கொண்டே போய், கராஜ் கூரைக்குள் தலையை விட்டான்.

"அண்ணே, இஞ்ச வாங்க."

படுக்கையறைக்குத் திரும்புகிற முழங்கைக் குழாய் கழன்று தொங்கியது. எங்கள் அறைக்கு வரவேண்டிய சூடு முழுக்க கராஜுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. காரின் மேற்பகுதி இளஞ்சூடாக இருந்தது.

"உங்கட காருக்குத்தான் இவ்வளவு காலமும் பனிக்காலம் இல்லை" என்றான்.

கோபத்தில் கார் ரயரை உதைத்தேன். ரயருக்கு ஒன்றுமில்லை. ஏணியில் நொண்டி நொண்டி ஏறினேன். ஹென்றி முழங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"அண்ணே, அண்ணி உண்மையா சூட்டுக்காகத்தான் போனவவோ?"

"நீ குழாயைப் பூசு."

"இல்ல, எங்கட வீட்டிலயும் அக்னெஸ் ஒண்டைச் சொல்லுவா, அவ சொல்லுறது அது இல்ல. குசினிக் கதவு கிரீச்செண்டுது எண்டுவா. எண்ணெய் விட்டா இன்னும் கோவம் வரும்."

"என்ரை பொண்டாட்டி கதவைப் பற்றிச் சொல்லேல்லை. குளிரைப் பற்றிச் சொன்னவ. குளிரெண்டால் குளிர். உன்னைப் பசை பூசத்தானே வரச்சொன்னது? புத்தி பூசவே?"

சொன்ன குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஹென்றி பூசி முடித்தான். போகும்போது சாப்பிடச் சொன்னேன், என் சமையலைப் பார்த்துவிட்டு, பசி இல்லை என்றான். கோபமா, பயமா தெரியவில்லை.

அன்றைக்கு அறை சூடாகியது. வெறுங்காலோடு சல்லடைமேல் நின்றேன். காலுக்கடியிலிருந்து நல்ல சூடு ஏறியது. வீட்டில் வேறு யாருமில்லாததால் மெஷின் சத்தம்கூடப் பேச்சுப்போல இருந்தது. சூடு காட்டுகிற பெட்டியைப் படமெடுத்துச் சீதேவிக்கு அனுப்பினேன். பதிலாக ஒரு பெருவிரல் வந்தது. கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்துக்கு ஒரு பெருவிரல். சப்பாத்தை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் பனி அள்ளப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் செம்மஞ்சள் பலகை. நிறுத்த இடமில்லை. சுற்றிச் சுற்றி, பார்க் மெட்ரோவுக்கு அங்காலே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு நடந்தேன். தெருவில் ஒரே சனம். மரக்கறிக் கடை வாசலில் ஒருவர் என் தலையைப் பார்த்து, "என்னண்ணை, வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சனீங்களோ?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவர். எனக்கு அதற்கும் கோபம்.

அக்கா வீட்டில் சூட்டைக் குறைக்க வழியில்லை. சுவரோரத்து இரும்பு கொதிக்க, யன்னலைத் திறந்துவைத்திருந்தார்கள். குசினி மேசையில் சீதேவியும், பக்கத்துவீட்டுப் பஞ்சாபி அம்மாவும், அக்காவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மூவருக்கும் பொதுவான பாஷை இல்லை. ஆனால் கதை ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நின்றது.

நான் நின்றபடியே அறிக்கை வாசித்தேன். எண்ணெய் துடைத்தது, பசை பூசியது, கராஜில் பிடித்தது, அறை இப்போது எப்படிக் கொதிக்கிறது என்பது.

"நல்லது" என்றாள் சீதேவி.

"அப்ப வெளிக்கிடும்."

"அக்காவை டொக்ரரிட்டைக் கூட்டிக்கொண்டு போகோணும்."

"எனக்கு அது அடுத்த மாசம்" என்றார் சிவநேசம் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

"எனக்கு முழங்கால் நோகுது. படி இறங்கேலாது" என்றாள் சீதேவி.

"மரக்கறி வாங்க எப்பிடி இறங்கினனீர்?" என்றேன்.

"பேந்து பாப்பமே."

அந்தப் பேந்துவோடு எனக்குள் ஏதோ கழன்றது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏணி, எண்ணெய், என் கால்விரல், என் தலைமயிர், நான் தின்ற கருகல் எல்லாம் அதில் வந்தன. மனிசர் பெண்டாட்டிக்காகக் கடலைத் தாண்டுவார்கள் என்றால் நான் கராஜ் கூரைக்குள் ஊர்ந்தவன் என்றும் சொன்னேன். மேல்வீட்டுக்காரர் நிலத்தை உதைத்தார். பஞ்சாபி அம்மா தன் பங்குக் கீரையை எடுத்துக்கொண்டு மெல்லப் போனார். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதுதான் என்னை உட்காரவைத்தது.

கதிரையில் இருந்தேன். மூச்சு வாங்கியது. சீதேவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை நாளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அது இல்லாததைப் பார்க்கத்தான் பயம் வந்தது.

"சீதேவி, குளிரை விடும். குழாயை விடும். நீர் வீட்டுக்கு வரப்போறீரோ, இல்லையோ?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கீரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பி, குழாயடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இல்லை" என்றாள் சீதேவி. "நான் வரேல்லை."

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"அறை குளிரினது உண்மை. நான் பொய் சொல்லேல்லை. ஆனா குளிருது எண்டு சொன்ன நாளெல்லாம் குளிர் இல்லை. நீங்கள் விடிய வேலைக்குப் போனா இருட்டினாப் பிறகுதான் வாறியள். எனக்குக் கார் ஓடத் தெரியாது. அந்தத் தெருவில பகல்ல நடக்கிறது நாயும், அதைப் பிடிச்சுக்கொண்டு போற ஆளும்தான். தனிய இருக்கேலாமல் கிடக்கு எண்டு முதல்ல அதைத்தான் சொன்னனான். ரீவியைப் போடும் எண்டு சொன்னனீங்கள். ஞாபகம் இருக்காது. பிறகு ஒருநாள் குளிருது எண்டு சொன்னன். உடன எழும்பி வந்து, சல்லடையில கையை வைச்சுப் பாத்து, எனக்குப் பக்கத்தில கனநேரம் இருந்தனீங்கள். அதுக்குப் பிறகு எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அது ஒண்டுதான்."

அவள் மேசையிலிருந்த கீரைத் தண்டுகளைக் கையால் ஒருபக்கமாகக் கூட்டினாள்.

"நீங்கள் பாடுபட்டு வாங்கின வீடு. விக்கச் சொல்லேல்லை, வைச்சிருக்கச் சொல்லவும் இல்லை. இஞ்சை கீழ்வீடு மாசக் கடைசியில காலியாகுது. நானும் அக்காவும் போய்ப் பாத்தனாங்கள், பிடிச்சிருக்கு. நான் இனி இஞ்சைதான் இருக்கப்போறன். நீங்கள் வந்தா எனக்குச் சந்தோசம். வராட்டி கவலையாத்தான் இருக்கும், ஆனா அதுக்காக நான் அங்கை திரும்பி வரமாட்டன்."