நவம்பர் இருபத்திரண்டாம் தேதி டிக்கெட்

1996 ஜூனில் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்தபோது சாந்தாமணியின் கைப்பையில் பாஸ்போர்ட்டோடு சேர்த்து மடித்த ஒரு தாளும் இருந்தது. மிச்சிகனில் கார் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக இருந்த மகன் கதிர்வேல் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எடுத்துக் கொடுத்தது. அம்மாவுக்கு கிரீன் கார்டு கிடைத்த 1992 ஏப்ரலிலிருந்து எத்தனை நாள் அமெரிக்காவில் இருந்தாள், எத்தனை நாள் ஊரில் இருந்தாள் என்று அதில் ஒரு நாள் பிசகாமல் எழுதியிருந்தது.

கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு அவன் கடைசியாக ஒருமுறை விளக்கினான்.

"அஞ்சு வருசம் முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே சிட்டிசன்ஷிப்புக்கு மனு போடலாம்மா. ஜனவரில போட்டர்றேன். ஆனா ஒரே மூச்சா ஆறு மாசத்துக்கு மேல நீ வெளிய இருந்தேன்னு வையி, ஏன் எதுக்குன்னு நோண்டுவாங்க. வருசம் தாண்டிப் போச்சுன்னா எல்லாமே போச்சு, மறுக்கா மொதல்லருந்து. டிசம்பர் ஒண்ணுதான் உனக்குக் கெடு. நான் நவம்பர் இருபத்திரண்டுக்கே டிக்கெட் போட்டிருக்கறேன்."

"செரி கண்ணு. எனக்கென்ன, வந்தர்றேன்" என்றாள் சாந்தாமணி.

மனதாரத்தான் சொன்னாள். அமெரிக்கா அவளுக்குப் பிடித்திருந்தது. புருசன் இறந்த மறுவருடம் மகன் அழைத்துப்போனபோது, குளிரில் முடங்கிக் கிடக்கப்போகிறோம் என்று நினைத்துத்தான் போனாள். போன இடத்தில் நூலகத்தில் வாரம் இரண்டு நாள் இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய அவளை, ஐம்பத்தாறு வயதில் ஒரு வெள்ளைக்கார டீச்சர் "வெரி குட்" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. சிட்டிசன்ஷிப் பரீட்சைக்கான நூறு கேள்விகள் ஒரு கேசட்டில் இருந்தன. ஊருக்கு வரும்போது அதையும் எடுத்து வந்திருந்தாள். பரீட்சை என்று ஒன்றை எழுதித் தேறவேண்டும் என்பது அவளுக்கு வெகுநாள் ஆசை. அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டால் பிறகு நாள் எண்ணவேண்டியதில்லை, ஊரில் இஷ்டப்பட்ட மட்டும் இருந்துகொள்ளலாம் என்று கதிர்வேல் சொல்லியிருந்ததும் அவளுக்கு நியாயமாகப் பட்டது.

ஊர் அன்னூருக்குப் பக்கத்தில் செங்காட்டுப்புதூர். தோட்டத்து வீட்டில் தொலைபேசி கிடையாது. அதனால் சனிக்கிழமை பஸ் ஏறி, சிங்காநல்லூரில் இருக்கும் மகள் கீதா வீட்டுக்குப் போய்விடுவாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு கதிர்வேல் அங்கே போன் செய்வான். "இன்னிக்கு எழுபத்தஞ்சாவது நாளும்மா" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பான்.

செப்டம்பர் மாதம் ஒருநாள் காலையில் தம்பிதுரை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். பால் சொசைட்டியை வெகுகாலம் தன் கையில் வைத்திருந்தவர். அவர் தலையசைக்காமல் ஊரில் எதுவும் நடக்காது. பத்து வருடம் கழித்து அக்டோபரில் பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம்.

"ஏனுங்க்கா, நம்ம பஞ்சாயத்தப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிப்போட்டாங்க" என்றார் தம்பிதுரை. "பிரசிடெண்டா நீங்கதான் நிக்கோணும்னு ஊர்ல பேசி முடிவு பண்ணிருக்கறமுங்க. எதுத்து ஆரும் நிக்க மாட்டாங்க."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. "நானு நவம்பர்ல போயிருவனே தம்பி!"

"அது தெரியாதுங்களா? எல்லாம் தெரிஞ்சுதானுங்க வந்திருக்கறோம்."

கூட வந்தவர்களில் ஒருவர் இருமினார். இன்னொருவர் தென்னை மரத்தைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் அலைய வேண்டாமுங்க. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க" என்றார் தம்பிதுரை.

ஊரே கூடி வந்து கேட்கிறது என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். மறுநாளே அன்னூர் போய் மனுத்தாக்கல் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொன்னபோது அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவன் குரல் மாறியது.

"அங்க பதவில உக்காந்துட்டு இங்க வந்து சிட்டிசன்ஷிப் கேக்க முடியாதும்மா."

"நவம்பர்ல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்தர்றேன்."

"ஒரு மாசத்துல ராஜினாமா பண்றதுக்கு அப்பறம் எதுக்கும்மா நிக்கறே?"

"கீதா பக்கத்துல நிக்கறா, பேசு" என்று சாந்தாமணி ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை கடலைக்காட்டில் களை வெட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். மதியம் சோற்றுக்குக் கரையேறியபோது பாவாத்தாள் மட்டும் அவளைத் தேடி வந்தாள். பாவாத்தாளுக்கும் அறுபதுக்குப் பக்கம். ஊருக்குக் கிழக்கே காலனியில் இருப்பவள்.

"நானும் எங்க வார்டுல மெம்பருக்கு நிக்கறனுங்க அம்மணி" என்றாள்.

"அட, சொல்லவே இல்ல! செயிச்சிருவ பாவாத்தா."

"செயிக்கறது கெடக்கட்டுங்க. எங்க பக்கம் நாலு நாளைக்கு ஒருக்காத்தானுங்க தண்ணி. கேட்டா, எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட ஆள் வரட்டும்ங்கறாங்க. பத்து வருசமா இதே பேச்சுத்தான். இப்ப நீங்க வாரீங்கன்னு எங்காளுக சந்தோசப்பட்டாங்க. அப்பறம் பாத்தா, நீங்க நவம்பர்ல போயிருவீங்களாமே?" பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போயிட்டீங்கன்னா கையெழுத்து ஆருங்க போடுவாங்க?"

பாவாத்தாள் பதிலுக்குக் காத்திருக்காமல் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் சமையல் செய்துகொண்டே வழக்கம்போல கேசட்டைப் போட்டாள். பிரசிடெண்ட் இறந்துபோனால் அவர் இடத்துக்கு வருவது யார் என்று இங்கிலீஷில் கேள்வி வந்தது. "வைஸ் பிரசிடெண்ட்" என்று கரண்டியும் கையுமாகச் சத்தமாகச் சொன்னாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். இறக்கவேண்டும் என்றுகூட இல்லை, விமானம் ஏறினாலே போதுமே! தம்பிதுரை எல்லாம் தெரிந்துதான் வந்தேன் என்று சொன்னது அப்போதுதான் முழுதாக விளங்கியது. ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்கும்போது தன்னைத் தேடி வந்தது தன் அருமைக்காக அல்ல, தன் கைப்பையில் இருக்கும் டிக்கெட்டுக்காக. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

மறுநாள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனபோது, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். "வைஸ் பிரசிடெண்டுக்கு ஆரு தம்பி நிக்கறாங்க?"

"நாந்தானுங்க்கா" என்றார் தம்பிதுரை. அவருக்கு அதில் மறைக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை வரை அவள் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமையே சிங்காநல்லூர் போய்விட்டாள். கீதாவிடம் விஷயத்தைச் சொன்னாள். கீதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் சாமியாடிரும்மா."

"ஆடட்டும். உன்ற அப்பன் ஆடாத ஆட்டமா?"

ஞாயிறு காலை போன் வந்தது. சாந்தாமணி நேராகவே கேட்டாள். "கண்ணு, அந்த ஜனவரி மனுவத் தள்ளிப்போட முடியுமா?"

"எத்தன நாளைக்கு?"

"அஞ்சு வருசத்துக்கு."

லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை அலோ சொன்னாள்.

"நாலரை வருசம் ஆச்சும்மா" என்றான் கடைசியில். "ரெண்டு ட்ரிப் ஊருக்குப் போனே, ரெண்டு தடவையும் நான் நாள் பாத்துப் பாத்துத் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன். இன்னும் மூணே மாசம். இப்பப் போயி... கார்டே போயிரும். தெரியுதா?"

"தெரியுது. போச்சுன்னா மறுக்கா எடுக்க முடியாதா?"

"முடியும். நான் சிட்டிசன்தானே, திருப்பி ஸ்பான்சர் பண்ணலாம். ஆனா மொதல்லருந்து அஞ்சு வருசம். உனக்கு எழுபது ஆயிரும்மா."

"எழுபதுல பரீட்ச எழுதக்கூடாதுன்னு சட்டமா?" என்று சிரித்தவள் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "கண்ணு, நெசமாச் சொல்றேன், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. அந்த டீச்சரம்மா கிட்ட பாஸாயிட்டேன்னு சொல்லோணும்னு எத்தன ஆசையா இருந்தேன் தெரியுமா? ஆனா நான் இப்பக் கெளம்பி வந்தா, என்னைய வெச்சு ஊரையே ஏமாத்துன மாதிரி ஆயிரும். அந்தப் பாவத்த வாங்கிக்கிட்டு அங்க வந்து சிட்டிசன் ஆவறேன்னு கைய ஒசத்திச் சத்தியம் பண்ணச் சொல்றியா?"

அவன் போனை வைத்துவிட்டான். கீதா காப்பி கொண்டுவந்து வைத்து, அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. தேர்தல் மனுவை வாபஸ் வாங்க அன்று மாலை மூன்று மணிதான் கடைசி. அதுவரை ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். முன்கூட்டித் தெரிந்தால் தம்பிதுரை எப்படியாவது அவளை வாபஸ் வாங்க வைத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் அவினாசி ரோட்டில் இருந்த டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் டிக்கெட்டை நீட்டினாள்.

"வேற என்னைக்குங்க மாத்தோணும்?" என்றாள் அந்தப் பெண்.

"மாத்த வேண்டாம் அம்மணி. கேன்சல் பண்ணிப்போடு."

அங்கிருந்து பஸ் பிடித்து அன்னூர் யூனியன் ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. தம்பிதுரை ஏற்கெனவே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். பக்கத்தில் இருந்தவன் கையில் பெரிய ரோஜாமாலையும் லட்டு டப்பாவும் இருந்தன. மூன்று மணி தாண்டியதும் அதிகாரி வெளியே வந்து, செங்காட்டுப்புதூருக்கு ஒரே மனுதான், சாந்தாமணி போட்டியின்றித் தேர்வு என்று சொன்னார். தம்பிதுரையே முன்னால் வந்து மாலையைப் போட்டார்.

சாந்தாமணி மாலையைச் சரிசெய்துகொண்டாள். "தம்பி, ஒரு சேதிங்க. டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போட்டேன்."

"எந்த டிக்கெட்டுங்க்கா?"

"நவம்பர் டிக்கெட்டுத்தான். அஞ்சு வருசமும் இங்கயே இருக்கறதா முடிவு பண்ணிட்டேன். நீங்க எல்லாரும் ஊடு தேடி வந்து கேட்டீங்க. பாதில உட்டுட்டுப் போனா நல்லாருக்குமுங்களா?"

தம்பிதுரை கையில் எடுத்த லட்டை வாயில் போடுவதா டப்பாவில் வைப்பதா என்று தெரியாமல் நின்றார். "அப்ப... அமெரிக்காவுங்க?"

"அது அங்கயேதானுங்க இருக்கும்" என்றாள் சாந்தாமணி.

தேர்தலில் பாவாத்தாள் அறுபத்தோரு ஓட்டு அதிகம் வாங்கித் தன் வார்டில் ஜெயித்தாள். தம்பிதுரையும் மெம்பராகி, நினைத்தபடி வைஸ் பிரசிடெண்ட் ஆனார். ஆனால் நினைத்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. முதல் கூட்டத்தில் காலனிக்குப் புது போர்வெல் போடும் தீர்மானத்தை அவர் தள்ளிவைக்கப் பார்த்தார். பாவாத்தாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எதுக்குங்க தள்ளி வெக்கோணும், காரணத்தச் சொல்லிப்போட்டுத் தள்ளி வையுங்க" என்றாள். மெம்பர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதன்பிறகு யூனியன் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தால் சாந்தாமணியே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நெசசரி ஆக்‌ஷன்னு போட்டிருக்கீங்க. நெசசரி எங்களுக்குத் தெரியுது. ஆக்‌ஷன் எப்பங்க?" என்று அவள் அதிகாரியிடம் கேட்டது அன்னூர் முழுக்கப் பரவிவிட்டது.

கதிர்வேல் மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்யவில்லை. நான்காவது ஞாயிறு செய்தான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சாப்பிட்டாயா, மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தான். மனுப் போடுவதாக இருந்த ஜனவரி மாதம், முன்னறிவிப்பு இல்லாமல் ஊருக்கே வந்து நின்றான்.

தோட்டத்து வீடு பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தான். வாசலில் இருபது பேர் நின்றிருந்தார்கள். உள்ளே சாந்தாமணி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, முதியோர் பென்ஷன் மனு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் எழுந்து வந்து அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பக் கண்ணு வந்தே? சாப்பிட்டியா? சித்த உக்காரு, இவியெல்லாம் காலைலருந்து நிக்கறாங்க."

அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவர் அவனிடம் மனுப் பாரத்தை நீட்டி, நிரப்பித் தரச் சொன்னார். அவர் முடித்ததும் இன்னொருவர் நீட்டினார். மாலை ஐந்து மணிக்கு ஆபீசைப் பூட்டும்போது அவன் பதினான்கு மனு எழுதியிருந்தான்.

வரும் வழியில், "வருத்தமில்லையாம்மா?" என்று கேட்டான்.

"இருக்குது. பனி பேயற அன்னிக்குச் சன்னல்ல நின்னு பாக்கறது ஞாபகம் வரும். உன்ற பையனுக்குத் தோசை ஊத்தற கையி சும்மா இருக்குதேன்னு தோணும்." அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினாள். "ஆனா தூக்கம் நல்லா வருது சாமி."

அவன் மூன்று வாரம் இருந்தான். போர்வெல்லுக்கு எந்த மோட்டார் சரிப்படும் என்று சிங்காநல்லூர் பட்டறைகளில் ஏறி இறங்கி விசாரித்துச் சொன்னான். தம்பிதுரையோடு உட்கார்ந்து டீ குடித்து, குழாய் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று வாதாடினான். மோட்டார் வருவதற்குள் அவன் லீவு முடிந்துவிட்டது.

மிச்சிகன் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு கீதா வீட்டில் போன் அடித்தது. சாந்தாமணி எடுத்தாள்.

"அம்மா, மோட்டார் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு கண்ணு. முந்தாநேத்து சாயங்காலம் தண்ணி உட்டோம். பாவாத்தா மொதக் கொடத்தப் புடிச்சு அப்படியே என்ற தலைல ஊத்திப்போட்டா. நேத்துலருந்து ஒரே தும்மலு" என்று சொல்லி முடிப்பதற்குள் சாந்தாமணி இரண்டு முறை தும்மினாள்.