அரைக் கட்டை இறக்கம்

எங்கள் குடியிருப்பில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் போதும். பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் மாதக்கணக்கில் திண்டாடிப்போனேன். மனிதர் பல நாள் பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் டக்டக்கென்று ஒரு சத்தம் ஓயாமல் வரும். டைப் அடிக்கிறார் என்றார் கீழ்வீட்டு மாமா. காய் நறுக்குகிறார் என்றேன் நான். இவ்வளவு காயை யார் தின்பது என்று மாமா மடக்கினார்.

கடைசியில் சர்க்கரை இரவல் கேட்கும் சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டெல்லாம் அவர் காதுக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் வெறும் தட்டல்.

அதற்குப் பிறகுதான் விவரமெல்லாம் தெரிந்தது. டி.வி. தொடரில் மாமியார் கதவைத் திறக்கும்போதெல்லாம் இடி இடிக்கிறதே, அந்த இடி இவர்தான். பற்பசை விளம்பரத்தில் வரும் புல்லாங்குழல் இவர். காலையில் ஒரு ஸ்டூடியோவில் வயலின் கூட்டமாக இருப்பார், மத்தியானம் இன்னொன்றில் கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டாக மாறிவிடுவார். "நீங்க என்னதான் வாசிப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "என்ன கேக்குறாங்களோ, அது" என்றார். பேச்சில் இவ்வளவு சிக்கனமாக இருக்கிற ஆள் பக்கத்து வீட்டில் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்லவேளை, அவர் மனைவி அப்படியில்லை. மருந்துக்கடையில் வேலை, நாள் முழுக்க அடுத்தவர் வியாதியைக் கேட்டுக்கேட்டு, தன் பேச்சைக் கேட்க ஆள் தேடுகிற பெண். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது ஒருநாள் கண் கலங்கி நின்றாள்.

"அக்கா, இவரை டூர்லேருந்து எடுத்துடப் போறாங்க."

டூர் என்றால், வருடத்தில் பாதி நாள் ஒரு பாடகரோடு வேனில் ஊர் ஊராகப் போவது. அந்தப் பாடகரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் 'அண்ணன்' என்பார்கள். அந்த வேலைதான் இவர்களுக்கு ஆதாரம். ஸ்டூடியோ கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை.

"ஏனாம்?"

"அண்ணனோட மாப்பிள்ளை இப்ப மேனேஜர். லேப்டாப்ல பழைய பாட்டோட மியூசிக்க போட்டுட்டா கீபோர்டு எதுக்கு, வேன்ல ஒரு சீட்டு மிச்சம்னு சொல்றாராம். நாளைக்கு ஒத்திகைல போட்டுப் பாக்குறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

என்னிடம் வந்து இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

அண்ணனுக்கு வயதாகிவிட்டது. மேல் சுருதி எட்டவில்லை. ஆனால் மேடைக்கு மேடை, "அன்னைக்குப் பாடின அதே சுருதி" என்று மார்தட்டிக்கொள்வார். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. இவர் வருடத்துக்கொரு முறை சத்தம் போடாமல் அரைக் கட்டை இறக்கிவிடுவார். விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் கீழே வரும். கிட்டார்காரரும் கூட்டு, அவர் தந்தியைத் தளர்த்திக்கொள்வார். அண்ணனுக்கு இது தெரியாதாம்.

"அட அசடே, இதை மாப்பிள்ளைகிட்ட சொன்னா இவரோட அருமை தெரியுமே."

"சொன்னா லேப்டாப்லயும் ஒரு பொத்தானை அமுக்கி இறக்கிடுவாங்க அக்கா. வேலையும் போச்சு, அண்ணன் மானமும் போச்சு."

எனக்கு இரண்டு வாளித் துணி காய்ந்தது. மனசு காயவில்லை.

மறுநாள் தெருக்கோடி ஹாலில் ஒத்திகை. சாப்பாட்டுக் கேரியரைத் தூக்க ஆள் வேண்டாமா, நானும் அவளோடு போனேன். பக்கத்து வீட்டுக்காரர் பின்வரிசையில், மடியில் உறைக்குள் கிடந்த கீபோர்டைக் குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் லேப்டாப் முன்னால் மாப்பிள்ளை; 'பக்கத்து வீட்டு அக்கா' என்று அவரிடம் என்னைக் காட்டினாள்.

பாட்டு தொடங்கியது. பல்லவி வரை அண்ணன் தேர் மாதிரி போனார். சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் கீறிக்கொண்டு நின்றது.

"ஏசி காத்து தொண்டைல அடிக்குதுப்பா."

ஏசியை நிறுத்தினார்கள். அதே இடம், அதே கீறல். வெந்நீர் வந்தது. மைக்கை மாற்றினார்கள். மூன்றாவது தடவை அண்ணன் அந்த வரியை எங்களைப் பாடச் சொல்வதுபோல மைக்கை நீட்டினார். பாடுவதற்கு முன்வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மெஷின் வேகமாப் போகுது மாப்ள. மூச்சு விட இடம் குடுக்கல. அவரைக் கூப்பிடுங்க."

கீபோர்டு மேடை ஏறியது. கிட்டார்காரர் ஒரு மூலைக்குத் திரும்பி நின்று தந்தியைத் திருகினார். அதே பாட்டு, அதே சரணம். குரல் மாடிப்படி ஏறுவதுபோல ஏறி, மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. என் பக்கத்தில் இருந்தவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்தார். முகத்தில் ஒன்றும் புரியாத குழப்பம்.

"ஏங்க, மெஷின்ல இல்லாதது இவர்கிட்ட அப்படி என்னங்க இருக்கு? பக்கத்து வீடுதானே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதா என்று என்னைப் பார்த்து ஒருவர் கேட்டு நான் சும்மா இருந்ததே கிடையாது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கேரியர் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கைராசி தம்பி," என்றேன். "சில பேருக்கு அப்படி. அவர் வீட்டுச் சுவத்துக்கு இந்தப் பக்கம் வச்ச செடிகூட எனக்கு நல்லா வருது."

செடி நான் வைத்ததே இல்லை.

மாப்பிள்ளை யோசித்தார். "அப்ப வேன்ல சீட்டு போட்டுடலாம்" என்று முனகிக்கொண்டே லேப்டாப்பை மூடினார். மேடைக்குக் கீழே நான் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீபோர்டின் பக்கம் குனிந்தார். என் காதுக்கு எதுவும் தப்பாது.

"அந்த மூணாவது பாட்டு இருக்கே தம்பி," என்றார் மெல்ல, "அதுவும் இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. வழக்கம்போலப் பாத்துக்க."

பக்கத்து வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஒரு விரல் பொத்தானை ஒருமுறை அமுக்கியது.

"மாமா என்ன கேக்குறாரு?" என்று மாப்பிள்ளை தூரத்திலிருந்து கேட்டார்.

"புழுக்கமா இருக்காம்," என்றேன். "ஏசியைப் போடுங்க."