உப்பில்லாத நேர்த்தி

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த படகில் ஏரம்பு படுத்தபடிதான் வந்தார். கால்கள் இரண்டும் மனைவி சறோஜினிதேவியின் மடியில். எழுந்து உட்கார்ந்தாலே கண் இருண்டு சாய்ந்துவிடுகிற மனிதருக்கு வேறு வழியில்லை. நரம்பு வருத்தம் வந்த நாளிலிருந்து இதுதான் பாடு. போதாக்குறைக்கு இப்போது பித்தப்பையில் கல். வெட்டித்தான் எடுக்க வேண்டும். மயக்கமருந்து கொடுத்தால் மனிதர் திரும்ப எழும்புவாரா என்பதுதான் அவளுடைய பயம்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து டொக்டர் பிரியவதனி பிறஷரைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, இவருக்கு உப்புக் கூடுதலாய்ச் சேர்க்கச் சொன்னவையெல்லே? உடம்பிலை தண்ணி வத்திக் கிடக்கு."

சறோஜினிதேவி மெல்லச் சொன்னாள். "எங்கடை ஊர்க் கோயில் நாகபூசணி அம்மாளுக்கு நேர்த்திக்கடன் வைச்சனான், டொக்டர். சுகமாய் வீடு திரும்புமட்டும் இவருக்கு உப்பில்லாச் சாப்பாடு எண்டு."

ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. டொக்டர் ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டு, சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கள் எழும்பேக்கை ரத்தம் காலுக்கு இறங்கப் பாக்கும். உடனை உடம்பு ரத்தக் குழாயளை இறுக்கி மேலை அனுப்பும். உங்களுக்குத் தெரியவும் வராது. இவருக்கு அது வேலைசெய்யேல்லை. மயக்கத்திலை இன்னும் மோசமாய் விழும். அவர் முழிக்குமட்டும் அந்த வேலையை நான் பக்கத்திலை நிண்டு செய்யவேணும். உப்பும் தண்ணியும் இல்லாட்டி என்னாலை ஏலாது."

ஒருவரின் உடம்புக்குள் நடக்கிற காவலை இன்னொருவர் வெளியே நின்று பார்ப்பதா? சறோஜினிதேவி அந்தப் பிள்ளையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் திரை விலகும்போது வருகிற நடுக்கம் அவளுக்கு வந்தது.

உடம்பு தேறியபின் உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து டொக்டர் வியர்த்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"பிறஷர் விழ விழப் பிடிச்சனாங்கள். கண் முழிச்சிட்டார். இனி மெல்ல மெல்லத்தான் நிமித்தவேணும்."

மறுநாள் கட்டிலின் தலைமாட்டைத் தாதி கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்தினாள். ஏரம்பு சாயவில்லை. கஞ்சியை வாயில் வைத்தவர் மனைவியைப் பார்த்தார்.

"உப்புப் போட்டிருக்கிறீர். நேர்த்தியை என்ன செய்தனீர்?"

"அதை நான் எடுத்திட்டன். இனி என்ரை சோத்துக்குத்தான் உப்பில்லை. நீங்கள் குடியுங்கோ."

கோப்பையைக் கழுவ எழுந்தவள் அப்படியே நின்றாள். தலை சுற்றவில்லை, கண் இருளவில்லை; டொக்டர் சொன்ன அந்தக் காவல் அவளுக்குத் தெரியாமலே உள்ளே நடந்திருந்தது. திரும்ப உட்கார்ந்தாள். வெறுங் கோப்பையை நெஞ்சோடு பிடித்தபடி, மெல்ல, இன்னொரு தரம் எழுந்து நின்றாள்.